அன்றன்று

கர்த்தர் கற்பித்த ஜெபம் புதிய ஏற்பாட்டில் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஞாயிறு பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்ததும், இன்றுவரை ஆராதனையில் ஒருமித்துச் சொல்வதும் மத்தேயுவில் உள்ளது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பது அதன் வாசகம். லூக்கா 11ஆம் அதிகாரத்தில் அதே விண்ணப்பம் ஒரு சொல் மாறி வருகிறது: "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை அன்றன்று எங்களுக்குத் தாரும்." கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, வேதாகமத்தை ஆண்டுதோறும் வாசிக்கும் வழக்கமுள்ள நான், ஐம்பது வயதைத் தாண்டும்வரை இந்த ஒரு சொல்லில் நின்றதே இல்லை. என் கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல் என் கண்ணில் பட்டது. பட்டதிலிருந்து அதைவிட்டு நகர முடியவில்லை.

நாங்கள் பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். அவர் 27 ஆண்டுகள் மின்மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் பட்டறை நடத்தியவர். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் அவருக்கு நெடுநாளாக இருந்தன. கால் வீங்கத் தொடங்கியபோது நின்றுகொண்டே வேலை செய்வதால் வந்த வீக்கம் என்று நினைத்தோம். சோறு பிடிக்காமல், வாய் உலோகம்போல் கசக்கிறது என்று அவர் சொன்னபோதும் பித்தம் என்றுதான் நினைத்தோம். பரிசோதனையில் இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் அளவைப் பார்த்த ஒரு மருத்துவர், நடைபாதையில் நின்றபடியே, இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் ஆயுள் முழுவதும் இதுதான் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்கு இப்போது வருத்தமில்லை, அன்று இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரங்கள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால்படியிட்டேன், கண்களை மூடினேன், வார்த்தை வரவில்லை. வந்தபோது அது ஜெபமாக இல்லாமல் கணக்காக இருந்தது. இன்னும் எத்தனை ஆண்டுகள், பட்டறையை மூடிவிட்டால் வருமானம் எப்படி, மகளின் படிப்பு முடியுமா, அவளுடைய கலியாணத்தில் அப்பா எழுந்து நிற்பாரா, நான் ஓய்வு பெற்றபின் யார் துணை என்று இருபது ஆண்டுக்கான கேள்விகளையெல்லாம் ஒரே இரவில் கர்த்தர் பாதத்தில் கொட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே இரவில் பதில் கேட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. விசுவாசம் என்னைவிட்டுப் போய்விட்டது என்றே நான் அப்போது நம்பினேன்.

டயாலிசிஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் சொல்லவந்தது அந்த விவரங்களுக்குள்தான் இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் காலை ஆறு மணிக்கு அவர் அந்த நாற்காலியில் சாய்வார். இடது முன்கையில் ஒரு சிரையையும் ஒரு தமனியையும் இணைத்து ஃபிஸ்டுலா என்ற ஒன்றை அறுவை சிகிச்சை செய்து வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு தடித்த ஊசிகள் ஏறும். ஒன்றின் வழியே இரத்தம் வெளியே வரும், மற்றொன்றின் வழியே திரும்பிப் போகும். நடுவில் ஒரு குழல் வடிகட்டி இருக்கிறது. அதற்குள்ளே நூலிலும் மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகளில் இரத்தம் ஓட, இழைகளுக்கு வெளியே சுத்திகரித்த நீரில் உப்புகள் கலந்த திரவம் எதிர்த்திசையில் ஓடி, இரத்தத்திலுள்ள கழிவை வாங்கிக்கொள்ளும். இப்படி நான்கு மணி நேரம். முதல் நாள் என் கணவர் ஊசியைப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் பம்பு சுற்றும் ஓசையைக் கவனித்துக்கொண்டிருந்தார். மோட்டாரின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லக்கூடியவர் அவர். "நல்லா ஓடுது" என்று என்னிடம் சொன்னார். அந்த மூன்று வாரங்களில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அந்த இரண்டு சொற்கள்.

பிறகு டெக்னீஷியனிடம் விசாரித்து அவர் ஒரு கணக்குப் போட்டார். அந்தத் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் ஓடுகிறது. நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். 120 லிட்டர் தண்ணீர் தன் பக்கத்திலேயே ஓடிப் போகிற அந்த நாளில் அவர் குடிக்க அனுமதிக்கப்பட்டது 750 மில்லி மட்டுமே. காப்பி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அந்த 750க்குள் அடங்க வேண்டும். சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்த தண்ணீர் எங்கும் போகாது. காலில் நிற்கும், பிறகு நுரையீரலில் ஏறி மூச்சை அடைக்கும். தாமிரபரணித் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்து வளர்ந்த மனிதருக்கு, சித்திரை வெயிலில், நாளொன்றுக்கு முக்கால் லிட்டர்.

அந்தத் தாகத்துக்கு வழிசொன்னது எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. அதே வார்டில் பக்கத்து நாற்காலியில் படுத்திருக்கும் மேலப்பாளையத்து பாயின் மனைவி. நான் அக்கா என்று அழைக்கிறேன். அவர் என்னை டீச்சரம்மா என்கிறார். முதல் வாரத்தில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது அவராகவே பக்கத்தில் வந்து அமர்ந்து, "டீச்சரம்மா, தண்ணியைக் கையில குடுக்காதீங்க, ஐஸா குடுங்க" என்றார். காலையிலேயே நாளைக்குரிய தண்ணீரை அளந்து, அதில் ஒரு பங்கை ஐஸ் தட்டில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஒரு கட்டியில் 20 மில்லிதான் இருக்கும், ஆனால் வாயில் அடக்கிவைத்தால் பத்து நிமிடம் நாக்கு ஈரமாக இருக்கும். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும். காய்களைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால், அவர் உடம்பில் தேங்கக்கூடாத பொட்டாசியம் இறங்கும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. மருத்துவமனையில் கொடுத்த அச்சிட்ட தாளில் இதில் பாதி இருந்தது. ஆனால் தாள் என் தோளைத் தொட்டுச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து எழுதினேன். காலைக் காப்பி 150. மாத்திரைகளுக்கு 100. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு 260. மீதி 240, அதாவது 12 ஐஸ் கட்டிகள். கூட்டினால் 750. எழுதி முடித்துவிட்டு, அன்றிரவு வேதத்தைத் திறந்தபோது வாசிப்புப் பகுதி லூக்கா 11ஆக இருந்தது. "அன்றன்று."

அந்தச் சொல் எனக்கு என்ன செய்தது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். அது என் இருபது ஆண்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விகளை அப்படிக் கேட்கவேண்டியதில்லை என்று சொன்னது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாக மன்னா இறங்கிய வரலாற்றை யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் நூறு முறை வாசித்திருப்பேன், வகுப்பில் பிள்ளைகளுக்குக் கதையாகவும் சொல்லியிருக்கிறேன். தலைக்கு ஓர் ஓமர் என்று அளவு இருந்தது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளைக்கென்று வைத்துக்கொண்டவர்களுடையது பூச்சி பிடித்து நாறிப்போயிற்று. இதைச் சொல்லும்போதெல்லாம், பேராசை கூடாது என்பதே பாடம் என்று நான் பிள்ளைகளுக்கு விளக்கிவந்தேன். அந்த விளக்கம் தவறில்லை, ஆனால் மேலோட்டமானது என்று இப்போது நினைக்கிறேன். எடுத்துவைத்தவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்களாக இருந்திருக்கமாட்டார்கள்; பிள்ளைகுட்டிகளோடு வனாந்தரத்தில் நிற்கும் தாய் ஒருத்தி நாளைக்கு என்ன செய்வது என்ற பயத்தில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து வைத்திருப்பாள். அந்தப் பயத்தைத்தான் நான் மூன்று வாரமாக முடிந்து வைத்திருந்தேன், அதுதான் எனக்குள்ளே கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. அன்று முதல் நான் அடுத்த ஆண்டுக்காக ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். நாளைய ஊசி சரியாக ஏறவேண்டும், இன்றைய 750 அவருக்குப் போதுமானதாக இருக்கவேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன். வார்த்தை வந்தது.

என் மாமியார் உயிரோடிருந்தபோது, உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்து அடுப்புமேடையில் இருந்த தகர டப்பாவில் போடுவார்கள். வார முடிவில் அது பிடியரிசிக் காணிக்கையாக ஆலயத்துக்குப் போகும். தூரத்து மிசோரம் மாநிலத்துச் சபைகளிலும் இதே வழக்கம் உண்டு. மாதச் சம்பளத்தில் தசமபாகத்தை ஒரே உறையில் போட்டுக் கொடுக்கப் பழகிய நான் அந்த டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டிருந்தேன். இப்போது இறக்கிவிட்டேன். பணமாகக் கொடுக்க அதிகம் இல்லாத இந்தக் காலத்தில், கொடுப்பதும் அன்றன்றாக இருக்கிறது.

இனி ஒரு வருத்தத்தையும் எழுதவேண்டும். டயாலிசிஸ் தொடங்கிய இரண்டாம் மாதம், வீடு வீடாகச் சென்று ஜெபிக்கிற ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நீண்ட ஜெபம் செய்தார், நன்றியோடு கேட்டோம். முடிவில் என் கணவரின் கையைப் பிடித்து, விசுவாசம் பூரணமாக இருந்தால் இந்த மெஷின் எதற்கு, சனிக்கிழமை போகாமல் இருந்து பாருங்கள் என்றார். அவர் போனபின் என் கணவர் நெடுநேரம் பேசவில்லை. தன் விசுவாசம் போதாததால்தான் தன் குடும்பம் அலைகிறதோ என்ற குற்றவுணர்ச்சி அந்த ஒரு வாக்கியத்தால் அவருக்குள் இறங்கிவிட்டது. நோயாளியின் வீட்டில் இப்படிப் பேசுவது பெரிய தீங்கு. சனிக்கிழமை போகாமல் இருந்திருந்தால் ஞாயிறும் திங்களும் தாண்டியிருக்க மாட்டார் என்பது அந்த வார்டில் ஒரு வாரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அன்றிரவு நான் அவருக்கு எசேக்கியா ராஜாவின் வரலாற்றை வாசித்துக் காட்டினேன். 2 இராஜாக்கள் 20ஆம் அதிகாரம். மரணத்துக்கு ஏதுவாக வியாதிப்பட்ட ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபிக்கிறான். "உன் விண்ணப்பத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைக் கண்டேன்" என்று கர்த்தர் சொல்லி, இன்னும் பதினைந்து ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கிறார். இதைவிடத் தெளிவான வாக்குத்தத்தம் வேறென்ன வேண்டும்? ஆனாலும் அடுத்ததாக ஏசாயா தீர்க்கதரிசி என்ன செய்கிறார் என்றால், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறார், பிளவையின்மேல் பற்றுப்போடுகிறார்கள், ராஜா பிழைக்கிறான். வாக்குக் கொடுத்தவருக்கு அத்திப்பழம் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் அதைத் தம் கையில் எடுத்துக்கொள்ள அவருக்கு வெட்கமும் இல்லை. நான் வாசித்து முடித்ததும் என் கணவர், "அப்போ நம்ம மெஷினும் அத்திப்பழம்தான்" என்றார்.

அந்த அத்திப்பழம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நெதர்லாந்தைப் பிடித்திருந்த காலத்தில், கம்பன் என்ற ஊரின் சிறிய மருத்துவமனையில் 1943ஆம் ஆண்டு இதன் முன்னோடியைச் செய்தார். இறைச்சியை அடைத்து விற்பதற்குப் பயன்படும் செலோஃபேன் உறையை ஓர் உருளையின்மேல் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் உருளவிட்டார். உறைக்குள் நோயாளியின் இரத்தம் ஓடியது. முதலில் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லாரும் இறந்துபோனார்கள். அவர் விடவில்லை. 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் நினைவு திரும்பிப் பிழைத்தெழுந்தார். ஆக்கிரமித்தவர்களுக்குத் துணைபோனவர் என்று சிறையில் வைக்கப்பட்டிருந்த பெண் அவர், ஊரார் வெறுத்தவர். தீயோர்மேலும் நல்லோர்மேலும் தமது சூரியனை உதிக்கப்பண்ணுகிற பிதாவைப் பற்றி மலைப்பிரசங்கத்தில் வாசிக்கும்போதெல்லாம், பெயர் தெரிந்தும் எழுத மனமில்லாத அந்தப் பெண் எனக்கு நினைவுக்கு வருகிறார். அவர் பிழைத்த அந்த நாளின் தொடர்ச்சியாகத்தான் என் கணவர் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு செவ்வாய்தோறும் ஆறு மணிக்கு அந்த நாற்காலியில் சாய்கிறார். ஜெபத்துக்கு எதிராக நிற்பதல்ல இது. நாங்கள் பிறப்பதற்கு முன்பே எங்களுக்காக ஆயத்தம் செய்யப்பட்டது என்றே இதை ஏற்றுக்கொள்கிறோம்.

பெரிய வெள்ளிக்கிழமை பற்றி எழுதாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது.

எங்கள் சபையில் அன்று பகல் 12 மணி முதல் 3 மணி வரை மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் ஆண்டவர் மொழிந்த ஏழு வார்த்தைகளும் ஒவ்வொன்றாகத் தியானிக்கப்படும். அந்த வெயில்நேரத்தில் மூன்று மணி நேரம் உட்காரவேண்டாம் என்று நான் சொல்லியும் அவர் கேட்கவில்லை. முந்தின நாள் வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்திருந்தது. அதனால் உடம்பில் தெம்பு குறைவாகவும் தாகம் அதிகமாகவும் இருந்தது. மின்விசிறிக்குக் கீழே ஓரத்து இருக்கையில் அமர்த்தினேன். கைப்பையில் ஒரு சிறிய ஃபிளாஸ்க்கில் நான்கு ஐஸ் கட்டிகள். நான்காம் வார்த்தை முடிவதற்குள் இரண்டு தீர்ந்துவிட்டது.

ஐந்தாம் வார்த்தை, "தாகமாயிருக்கிறேன்." குருவானவர் அதை ஆத்தும தாகம் என்று விளக்கினார், நம்முடைய மீட்புக்காக ஆண்டவர் கொண்ட தாகம், நம் அன்புக்காக அவர் கொண்ட தாகம். அழகான தியானம், பல ஆண்டுகளாக நான் கேட்டு மனம் உருகியதும் அதுவே. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருடைய உதடுகள் வெடித்து வெளுத்திருந்தன. அவர் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "அவர் தண்ணிதான் கேட்டிருக்காரு." பிறகு பேசவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது கண்களை மூடியிருந்தார். கன்னத்தில் ஈரம் இறங்கியிருந்தது. டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். துக்கத்தில் அழுவதுபோல் இல்லை. நெடுநாள் தனியாக இருந்த ஊரில் தன் பாஷை பேசும் ஒருவரைக் கண்டவரைப்போல் இருந்தார்.

இரவு முழுவதும் விசாரணை, அடி, வெயிலில் சிலுவை சுமந்து நடத்தல், இரத்தம் வடிதல். இவ்வளவுக்குப் பின் ஒரு மனித உடம்பு கேட்பது தண்ணீரைத்தான். "என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது" என்று 22ஆம் சங்கீதத்தில் இருப்பது உவமையாகவே எனக்கு அதுவரை தோன்றிவந்தது. அது உவமையல்ல, இரவு இரண்டு மணிக்கு என் கணவர் எழுந்து உட்கார்ந்து சொல்வது அதே வாக்கியம். கடலையும் ஆறுகளையும் உண்டாக்கினவர், கானாவூர்க் கலியாணத்தில் ஆறு கற்சாடித் தண்ணீரைத் திராட்சரசமாக்கினவர், தம் உடம்புக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் கேட்கவேண்டிய இடத்துக்கு இறங்கிவந்தார் என்றால், எங்கள் 750 மில்லியின் கணக்கு அவருக்குத் தெரியாத கணக்கு அல்ல. அவருக்குக் கிடைத்தது காடி. கடற்காளானில் தோய்த்து ஈசோப்புத்தண்டில் மாட்டி நீட்டினார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டார் என்று யோவான் எழுதியிருக்கிறார். அவருக்காகச் செய்யப்பட்ட அந்த எளிய காரியத்தை அவர் மறுக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் பானையிலிருந்து நீர்மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விவரம் தெரியாத ஒரு சிறுவன் நிறைந்த தம்ளரை அவரிடம் நீட்டினான். நான் தடுப்பதற்குள் வாங்கி, இரண்டு மிடறு குடித்துவிட்டு, மீதியை என்னிடம் கொடுத்து, "ஒரு அம்பதுன்னு நோட்டுல எழுதிக்கம்மா" என்றார். சிறுவனின் தலையில் கைவைத்து, நல்லாயிரு என்றார். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் அந்த 50 இன்னும் இருக்கிறது.

வாரத்தில் எங்களுக்குக் கடினமான நேரம் திங்கள் இரவு. சனிக்கிழமை சுத்தம் செய்த இரத்தத்தில் இரண்டு நாளைய கழிவும் நீரும் சேர்ந்துவிட்டிருக்கும். மற்ற இடைவெளிகள் ஒரு நாளாக இருக்க, இது ஒன்று மட்டும் இரண்டு நாள். நீட்டிப் படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருப்பார். விளக்கை அணைப்பதற்கு முன் அவருடைய இடது முன்கையில் என் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். ஃபிஸ்டுலாவில் இரத்தம் வேகமாக ஓடுவதால் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய அதிர்வு தெரியும்; வார்டில் அதைத் த்ரில் என்பார்கள். அது நின்றுவிட்டால் குழாய் அடைத்துவிட்டது என்று பொருள், உடனே ஓடவேண்டும். முதலில் பயத்தோடு தொட்டுப் பார்த்தேன். இப்போது அந்த அதிர்வு உள்ளங்கையில் படும் நேரமே என் இரவு ஜெபம். வார்த்தை அதிகம் இல்லை. ஓடுகிறது, ஸ்தோத்திரம், அவ்வளவுதான்.

திங்கள் இரவுகளில் அவர் எலியாவைப் பற்றி வாசிக்கச் சொல்வார். கர்மேல் மலையில் அக்கினி இறங்கிய வெற்றி வரலாறு வேண்டாம் என்பார். அதற்கு அடுத்த அதிகாரம்தான் வேண்டும். பயந்து ஓடிய தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அப்படிச் சொன்ன தம் ஊழியக்காரனைக் கர்த்தர் கண்டிக்கவில்லை, விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை, அந்த நேரத்தில் பிரசங்கம்கூடச் செய்யவில்லை. தூங்கவிட்டார். பிறகு தூதன் தட்டியெழுப்பினான்; தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டவரை இரண்டாம் முறையும் எழுப்பி, நீ போகவேண்டிய பயணம் வெகுதூரம் என்று சொல்லிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசிய மெல்லிய சத்தம் நாற்பது நாளுக்குப் பிறகுதான். முதலில் வந்தது அடை. ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். எங்கள் வீட்டுக்கு வசனம் எழுதிய அட்டைகள் நிறைய வந்தன, அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் வேகவைத்து வடித்த காய்க்கூட்டை உப்புக் குறைத்துச் செய்து தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, உட்காரக்கூட நேரமெடுக்காமல் போன எதிர்வீட்டுச் சகோதரியின் கையில்தான் நான் தூதனைப் பார்த்தேன்.

ஒரு திங்கட்கிழமை பள்ளி விடுமுறையாக இருந்ததால் டோனாவூருக்குப் போய்வந்தோம். களக்காட்டுக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை மிக நெருங்கி நிற்கும் ஊர். ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்திலிருந்து வந்து, 1901 முதல் அங்கே தங்கி, ஆபத்திலிருந்த பெண்குழந்தைகளை எடுத்து வளர்த்தவர் என்பதை எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிவார்கள். 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையில் கழிந்தன. சுகமாக வேண்டும் என்று அவருக்காக ஜெபித்தவர்கள் எத்தனையோ பேர். அந்த அறையிலிருந்தே அவர் பல நூல்களை எழுதினார். தம் கல்லறைமேல் கல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால், அவரை அம்மா என்று அழைத்த பிள்ளைகள், மரத்தடியில் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள்.

என் கணவர் அந்தத் தொட்டியின் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். அன்று கணக்கில் அவருக்கு மீதியிருந்தது இரண்டு கட்டி. ஒரு மைனா வந்து விளிம்பில் உட்கார்ந்து, அலகை நனைத்து, தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கியது. அது எவ்வளவு குடிக்கும் என்று அவர் கேட்டார். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு இருக்கும் என்றேன். "அதுக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கை என்னிடம் கேட்டு வாங்கி ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டார். பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

விசுவாசம் என்னைவிட்டுப் போய்விட்டது என்று அந்த முதல் மூன்று வாரங்களில் நினைத்தேன் என்று எழுதினேன். போய்விட்டது உண்மையில் வேறொன்று. நாளை எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும் என்ற துணிவையே நான் அதுவரை விசுவாசம் என்று அழைத்துவந்திருக்கிறேன். நல்ல உடல்நலமும் மாதச் சம்பளமும் ஓடுகிற பட்டறையும் இருந்தபோது அந்த இரண்டுக்கும் வேற்றுமை தெரியவில்லை. இப்போது எனக்குக் கிடைப்பது ஒரு நாளுக்குரியது. அது காலையில் இருக்கிறது, இரவுக்குள் செலவாகிவிடுகிறது. எரேமியா புலம்பலில் அவருடைய இரக்கங்களைப் பற்றி "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்றிருப்பதை, நேற்றையது தீர்ந்துபோன காலையில் எழுந்திருந்துதான் என்னால் வாசிக்க முடிகிறது. சில காலைகளில் எழும்போது ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். காப்பிக்கு 150 அளந்து அடுப்பில் வைக்கும்போது எங்கிருந்தோ வந்துவிடும்.

மேலப்பாளையத்து பாய்க்குப் போன மாதம் உடம்பு மிகவும் முடியாமல் போயிற்று. அக்கா தன் முறையில் தொழுதார், நான் என் முறையில் ஜெபித்தேன். இருவரும் வார்டுக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் தேறி மறுபடியும் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டார்.

இன்று திங்கட்கிழமை. மணி ஒன்பதரை. மூன்று தலையணைகளையும் அடுக்கிவிட்டேன்; நாளைக்குரிய பையில் போர்வை, காப்பீட்டு அட்டை, ரொட்டி, நோட்டு எல்லாம் எடுத்துவைத்தாகிவிட்டது. தட்டில் இன்னும் மூன்று கட்டிகள் மீதமிருக்கின்றன. இரவுக்கு இரண்டு, விடியற்காலை புறப்படும்போது ஒன்று. உள்ளே அவர் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார்.